அமைதிக்கு ஐந்து மதிப்பெண்

மகனே,

போன ஞாயிற்றுக்கிழமை, வாத்தியார் வேலையில் சேரக் கிளம்பி, தேனி பஸ் ஸ்டாண்டில் பெட்டியைச் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு நீ என்னிடம் ஒன்று சொன்னாய். "அம்மா, நீ செஞ்ச மாதிரியேதான் நானும் செய்யப் போறேன். மொத அஞ்சு நிமிசம் பிள்ளைகளக் கண்ண மூடி உக்கார வச்சுட்டுத்தான் பாடம்." சொல்லிவிட்டுச் சிரித்தாய். முப்பது வருடமாக வகுப்பில் நின்று பேசியே பிழைத்த எனக்கு அப்போது ஒரு வார்த்தைகூட வரவில்லை. கோயம்புத்தூர் பஸ் கிளம்பிவிட்டது. கையை மட்டும் ஆட்டினேன். அம்மா சந்தோஷத்தில் பேச்சற்று நிற்கிறாள் என்று நினைத்துக்கொண்டு போயிருப்பாய். நான் பயத்தில் நின்றேன். அதைச் சொல்லத்தான் மூன்று நாளாக இந்தக் கடிதத்தை எழுதுவதும் நிறுத்துவதுமாக இருக்கிறேன்.

எங்கிருந்து தொடங்குவது? உன் அப்பாவிடமிருந்துதான் தொடங்க வேண்டும். அவர் போன அன்று நீ பதினொன்றாம் வகுப்பு. நான் கல்லூரியில், தாவரவியல் ஆய்வுக்கூடத்தில், பிள்ளைகளுக்குத் தண்டுக் குறுக்குவெட்டு காட்டிக்கொண்டிருந்தேன். வீட்டில் நீயும் அவரும் மட்டும். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரை நீ தனியாளாக ஆட்டோவில் ஏற்றிச் சின்னமனூருக்குக் கொண்டுபோனாய். பாதி வழியிலேயே உன் தோளில் சாய்ந்தபடி போய்விட்டார். நான் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது நீ வாசலில் செருப்பில்லாமல் நின்றுகொண்டிருந்தாய். உன்னைக் கட்டிக்கொண்டு நான் அழுதேன். நீ அழுதாயா என்று இன்றுவரை எனக்கு ஞாபகமில்லை.

அதற்குப் பிறகு ஒரு வருடம் நான் என்ன பாடம் நடத்தினேன் என்று கேட்டால் தெரியாது. பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே கை நின்றுவிடும். பிள்ளைகள் பொறுமையாக இருந்தார்கள். நம் பங்குக் கோவிலில் இருந்த சிஸ்டர்தான் கொடைக்கானல் மலையில் ஒரு தியான இல்லத்துக்கு என்னை அனுப்பிவைத்தார்கள். உன்னைச் சித்தி வீட்டில் விட்டுவிட்டு எட்டு நாள் போய் இருந்தேன். அங்கே வயதான ஒரு கன்னியாஸ்திரி, மூச்சு உள்ளே வருகிறது, வெளியே போகிறது, அதை மட்டும் பார், வேறொன்றும் செய்யாதே என்று சொல்லிக்கொடுத்தார்கள். மூன்றாம் நாள் பகலில், உட்கார்ந்த இடத்திலேயே சரிந்து நான்கு மணி நேரம் தூங்கினேன். ஒரு வருடத்தில் நான் தூங்கிய முதல் தூக்கம் அது. பிழைத்துக்கொண்டேன் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த வருடமே மதுரையில் கல்லூரி ஆசிரியர்களுக்கான புத்தாக்கப் பயிற்சி ஒன்று நடந்தது. அங்கே பேச வந்தவர், வகுப்பைத் தொடங்குமுன் ஐந்து நிமிடம் அமைதி, ஒரே பொருளைப் பத்து நிமிடம் பார்ப்பது, மனதில் வந்ததை ஒரு நோட்டில் எழுதுவது என்று அடுக்கடுக்காகச் சொன்னார். சாமி வேண்டாம், மதம் வேண்டாம், கவனம் இருந்தால் போதும் என்றார். எனக்காகவே பேசுவது போல இருந்தது. தாவரவியல் ஆசிரியைக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆளுக்கொரு இலையைக் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னால் போதுமே.

நான் பொய்யாக எதையும் தொடங்கவில்லை. அதை நீ நம்ப வேண்டும். முதல் வருடம் உண்மையிலேயே நன்றாக நடந்தது. திராட்சை இலையைப் பத்து நிமிடம் பார்த்த ஒரு பையன், அதன் அடிப்பக்கம் மட்டும் ஏன் பஞ்சு ஒட்டின மாதிரி இருக்கிறது என்று கேட்டான். பந்தல் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவன். அன்றைக்குத்தான் முதல்முதலாக இலையைப் பார்த்ததாகச் சொன்னான். அந்த ஒரு கேள்விக்காகவே இதை விடக் கூடாது என்று நினைத்தேன். வருசநாட்டிலிருந்து வரும் இன்னொருவன் கண்ணை மூடியதும் தூங்கிவிடுவான். இரண்டு முறை தட்டி எழுப்பி, இது தூங்குகிற நேரமில்லை என்று கடிந்துகொண்டேன். காலை நான்கு மணிக்கு எழுந்து மாட்டு வேலை முடித்து, முதல் பஸ்ஸைப் பிடித்து, ஒன்றும் சாப்பிடாமல் வருகிறவன் அவன் என்பது அவன் படிப்பை முடித்துப் போகும்போதுதான் எனக்குத் தெரிந்தது. அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும். அவன் தூங்கியதற்குத்தான் காரணம் கிடைத்துவிட்டதே என்று சமாதானமாகிவிட்டேன்.

கல்லூரிக்கு இது பிடித்துப்போனது. நல்ல முயற்சி, ஆனால் கணக்கில் காட்ட ஏதாவது வேண்டும் என்றார் முதல்வர். அதனால் அக மதிப்பீட்டில் ஐந்து மதிப்பெண் ஒதுக்கினேன். கண்ணை மூடி ஒழுங்காக உட்கார்ந்து, நோட்டில் இரண்டு வரி எழுதினால் ஐந்து. யோசித்துப் பார், ஒரு பிள்ளை சும்மா இருப்பதற்கு மதிப்பெண் போட்ட முதல் ஆள் இந்த மாவட்டத்திலேயே நானாகத்தான் இருப்பேன். அப்போது அதில் எனக்கு வேடிக்கையாக எதுவும் தெரியவில்லை.

காளீஸ்வரி என்று ஒரு பெண் இரண்டாம் ஆண்டில் இருந்தாள். தேவாரத்துக்குப் பக்கத்து ஊர். வீட்டில் எல்லோரும் மலைக்கு மேலே கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போகிறவர்கள். லீவு நாட்களில் அவளும் ஜீப்பில் போவாள். முதல் வருடத்தில் வாய் ஓயாமல் பேசுவாள், கேட்காத கேள்விக்கும் பதில் சொல்வாள். கோடை விடுமுறை முடிந்து வந்தபோது அடங்கிப்போயிருந்தாள். வயது ஏறினால் பெண்பிள்ளைகள் அப்படித்தான் என்று விட்டுவிட்டேன். அமைதி நேரத்தில் எல்லோரும் கண்ணை மூடியிருக்க, அவள் மட்டும் திறந்தே வைத்திருந்தாள். பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்ப்பாள். முதலில் ஜாடை காட்டினேன். பிறகு பக்கத்தில் போய் நின்று, கண்ணை மூடும்மா, எல்லோருக்கும் முடிகிறது, உனக்கு மட்டும் என்ன என்று மெதுவாகச் சொன்னேன். மூடாவிட்டால் மதிப்பெண் போட முடியாது என்றும் சொன்னேன். மூடினாள்.

நோட்டில் முதல் வாரம் "ஒன்றும் வரவில்லை" என்று எழுதியிருந்தாள். இன்னும் ஆழமாக முயற்சி செய் என்று சிவப்பு மையில் எழுதினேன். அடுத்த வாரம் "ஜீப் சத்தம் கேட்கிறது" என்று எழுதினாள். வெளிச் சத்தங்களைக் கவனி, பிறகு விட்டுவிடு, நன்று என்று எழுதினேன். எங்கள் கல்லூரி சாலை ஓரத்தில் இருப்பதால் அதைத்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன். அதற்கடுத்த வாரம் "கை வலிக்கிறது" என்று இருந்தது. உட்காரும் முறையை மாற்றிப் பார் என்று எழுதி, ஐந்துக்கு நான்கு போட்டேன்.

அந்த மாதம் கல்லூரியை மதிப்பிட வெளியிலிருந்து ஒரு குழு வந்தது. என் வகுப்பைத்தான் காட்டினார்கள். பழக்கமான இலையாக இருக்கட்டும் என்று போடிமெட்டுப் பக்கத்திலிருந்து ஏலச் செடியின் இலைகளை வரவழைத்து ஆளுக்கொன்று கொடுத்தேன். கண்ணை மூடுங்கள், கசக்கி முகர்ந்து பாருங்கள், எங்கே கூட்டிப்போகிறதோ அங்கே போங்கள் என்றேன். மகனே, இந்த வார்த்தைகளை அப்படியேதான் சொன்னேன். முன்வரிசையில் இருந்த காளீஸ்வரியின் கண்களிலிருந்து தண்ணீர் இறங்க ஆரம்பித்தது. சத்தமே இல்லை. தாடையில் வழிந்து தாவணியில் சொட்டிக்கொண்டே இருந்தது. துடைக்கக்கூட அவள் கை எழவில்லை. குழுவில் வந்த பெரியவர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் தன் கண்ணையும் துடைத்துக்கொண்டார். வெளியே வந்ததும், படிப்பு மனசைத் தொட வேண்டும் என்று நாம் பேசத்தான் செய்கிறோம், நீங்கள் தொட்டுக் காட்டிவிட்டீர்கள் என்றார். எனக்கு உடம்பெல்லாம் பூரித்துப்போனது. அந்தப் பெண்ணிடம் போய் ஒரு வார்த்தை பேசத் தோன்றவில்லை. டீ, பிஸ்கட், போட்டோ என்று அதில் போய்விட்டேன்.

கல்லூரி விழாவில் எனக்குப் பரிசாகக் கொடுத்த படம் அன்று எடுத்ததுதான். நம் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறேனே, அதேதான். கிறிஸ்துமஸ் லீவுக்குத் திருச்சிக் கல்லூரியிலிருந்து வந்த நீ அதன் முன்னால் வெகுநேரம் நின்றாய். முன்வரிசையில் இருக்கிற பிள்ளையின் முகத்தைக் காட்டி, இப்படி ஒரு வகுப்பு எடுத்தால் போதும், வாத்தியார் வேலைக்கு அதுதான் அர்த்தம் என்றாய். நீ இந்த வேலைக்கு வந்ததே அந்தப் படத்தைப் பார்த்துத்தான்.

அந்த வகுப்புக்குப் பிறகு காளீஸ்வரி வரவே இல்லை. வருகைப் பதிவேட்டில் பெயரை அடிக்கும் நிலை வந்தபோதுதான் அவள் தோழியைக் கூப்பிட்டு விசாரித்தேன். அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அவ இனி வர மாட்டா மேடம். கோட லீவுல ஜீப் கவுந்து அவுக ஆத்தா எறந்துட்டாகள்ல, அதுல இவளும் இருந்தா. அதுலருந்து கண்ண மூடுனாலே அவளுக்கு ஆகாது." அந்த விபத்தை நான் பேப்பரில் படித்திருந்தேன். எத்தனை பேர் என்று பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பியிருந்தேன். அலமாரியைத் திறந்து அவள் நோட்டை எடுத்தேன். என் சிவப்பு எழுத்துகளைப் படித்துக்கொண்டு ஆய்வுக்கூடத்தில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. வாட்ச்மேன் வந்து பூட்ட வேண்டும் என்றார்.

அந்தச் சனிக்கிழமை தேவாரம் போய் இறங்கி, ஆட்டோ பிடித்து அவள் ஊருக்குப் போனேன். வீட்டில் அவள் அத்தை மட்டும் இருந்தாள். காளீஸ்வரி மலைக்குப் போயிருப்பதாகவும் ஐந்து மணிக்கு ஜீப் வரும் என்றும் சொல்லி உட்கார வைத்தாள். ஜீப் வந்தது. அவ்வளவு சின்ன வண்டிக்குள்ளிருந்து அத்தனை பெண்கள் இறங்குவதை நான் அன்றுதான் பக்கத்தில் பார்த்தேன். கடைசியாக அவள் இறங்கினாள். தலையில் துண்டு, கையெல்லாம் செடிக் கறை. என்னைப் பார்த்ததும் துண்டை அவிழ்த்துவிட்டு, வாங்க மேடம் என்றாள். அவளே டீ போட்டுக் கொண்டுவந்தாள். நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் பதறிப்போனாள். நீங்க எதுக்கு மேடம் அப்படியெல்லாம் என்று அத்தையைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பேசினாள்.

"கவுந்தப்ப ஆத்தா என் கையத்தான் புடிச்சிருந்துச்சு மேடம். ஆளுக வந்து எங்கள எடுக்க ரொம்ப நேரமாச்சு. அதுக்குள்ள அந்தக் கை குளுந்துபோச்சு. கண்ண மூடுனா அந்தக் கைதான் வரும், ஜீப்பு சத்தந்தான் கேக்கும். நோட்டுல எழுதுனேனே. நன்றுன்னு போட்டிருந்தீக." குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான்.

திரும்ப வந்து படி, முதல்வரிடம் நான் பேசிக்கொள்கிறேன், இனிமேல் கண்ணை மூடச் சொல்லவே மாட்டேன் என்றேன். மாட்டீகதான், ஆனா அந்த ரூம்புக்குள்ள வந்தாலே எனக்கு அது வந்துரும் மேடம் என்றாள். அப்படியானால் அதே மாதிரி ஜீப்பில், விபத்து நடந்த அதே வளைவைத் தாண்டித் தினம் எப்படிப் போகிறாய் என்று கேட்டேன். அதற்கு அவள் சொன்னதை நீ கவனமாகப் படிக்க வேண்டும்.

"ஜீப்புல எல்லாரும் பேசிக்கிட்டே வருவாக மேடம். அந்த வளைவு வந்தா யாராச்சும் எங்க ஆத்தா பேச்ச எடுப்பாக. அழுகை வந்தா அழுதுக்குவோம். எறங்குறப்ப சரியாப் போயிரும். உங்க வகுப்புலதான் அதோட நான் தனியா உக்காந்திருந்தேன். என்னன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தீகன்னா சொல்லியிருப்பேன்."

மலை இல்லத்தில் அந்த வயதான கன்னியாஸ்திரி தினமும் மாலையில் என் பக்கத்தில் வந்து உட்காருவார்கள். இன்றைக்கு என்ன வந்தது, எங்கே வலித்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். நான் சொல்லிச் சொல்லி அழுவேன். அதற்குப் பிறகுதான் தூக்கம் வந்தது. அங்கிருந்து நான் கல்லூரிக்குக் கொண்டுவந்தது காலை நேரத்து அமைதியை மட்டும்தான். கேட்பதற்கு ஆள் வேண்டும், நேரம் வேண்டும், கேட்டதைத் தாங்கிக்கொள்ளும் நெஞ்சு வேண்டும். அமைதிக்கு அது எதுவும் வேண்டாம், ஐந்து நிமிடம் போதும். அறுபது பேரை ஒரே நேரத்தில் வாயடைத்து உட்கார வைத்துவிட்டு, அவர்களுக்கு நான் ஏதோ கொடுப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உன் ஞாபகம் வந்தது. நான் மலையிலிருந்து வந்த மறுவாரம், ஞாயிறு பூசை முடிந்து வந்து நான் அடுப்பைப் பற்ற வைத்துக்கொண்டிருந்தேன். நீ அடுப்படி வாசலில் வந்து நின்றாய். "அம்மா, அன்னைக்கு ஆட்டோல வர்றப்ப அப்பா ஒண்ணு சொன்னாரும்மா" என்றாய். நான் கையை உயர்த்தி உன்னை நிறுத்தினேன். "இப்ப அது வேணாம்ப்பா. வா, இங்கன உக்காரு. மூச்ச மட்டும் கவனி" என்றேன். நீ உட்கார்ந்தாய். நல்ல பிள்ளை நீ, எப்போதும் சொன்னபடி செய்வாய். கண்ணை மூடிக்கொண்டு, அம்மா சொன்னபடி, மூச்சைக் கவனித்தாய். உனக்கு நல்லது செய்தேன் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். உண்மை என்னவென்றால், அவர் என்ன சொன்னார் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. என்னைத் தேடியிருப்பாரோ, உங்கம்மா எங்கே என்று கேட்டிருப்பாரோ என்ற பயம். என் பயத்துக்காகப் பதினேழு வயதுப் பிள்ளையின் வாயை மூடினேன். அதன் பிறகு நீ அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

திங்கட்கிழமை வகுப்புக்குப் போனேன். இனி இது வேண்டாம், முதலில் நீங்கள் ஒவ்வொருவரும் எப்படி இருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள் என்று கேட்கத்தான் போனேன். நான் உள்ளே நுழைந்ததும், ஒரு வார்த்தை சொல்லுமுன், அத்தனை பிள்ளைகளும் கண்ணை மூடிக்கொண்டார்கள். கண்ணைத் திறக்கச் சொல்லி, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களை நான் அப்படிப் பழக்கியிருந்தேன். அன்றோடு ஐந்து மதிப்பெண்ணையும் நோட்டையும் நிறுத்திவிட்டேன். யாரிடமும் காரணம் சொல்லவில்லை. கோவிலில் பாவசங்கீர்த்தனத்தின்போது பங்குச் சாமியாரிடம் மட்டும் சொன்னேன். தெரியாமல் செய்தது பாவமாகாது அம்மா என்றார். கேட்டிருந்தால் தெரிந்திருக்குமே என்று நான் அவரிடம் சொல்லவில்லை. படத்தையும் கழற்றவில்லை. கழற்றினால் ஏன் என்று நீ கேட்பாய், நான் சொல்ல வேண்டியிருக்கும்.

அந்த வாரமே திருச்சிக்கு உனக்குப் போன் செய்தேனே, ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கு அப்பா ஆட்டோவில் என்னப்பா சொன்னார் என்று கேட்டேன். நீ, "எதுக்கும்மா இப்ப அதெல்லாம். எனக்கு ஞாபகமில்ல. மனசு ஒரு மாதிரி ஆச்சுன்னா மூச்சக் கவனிச்சுக்கிறேன். நீ சொல்லிக் குடுத்ததுதான" என்றாய். குரலில் ஒரு பிசிறு இல்லை. உனக்கு ஞாபகம் இருக்கிறது. அதை எனக்குச் சொல்கிற வழியைத்தான் நான் அடைத்துவிட்டேன்.

உனக்கு என்ன புத்தி சொல்ல? இதை அறவே விட்டுவிடு என்றும் சொல்ல முடியவில்லை. திராட்சை இலையைப் பார்த்துக் கேள்வி கேட்ட அந்தப் பையன் பொய்யில்லை. ஆனால் யாரையும் கட்டாயப்படுத்தாதே. இதற்கு மதிப்பெண் போடாதே. வெளியே போகிறவனைப் போக விடு. கண்ணைத் திறந்து வைத்திருக்கிறவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, என்னப்பா என்று கேள். இதையெல்லாம் எழுதும்போதே, இது உனக்குப் பயன்படும் என்ற நம்பிக்கை எனக்கு வரவில்லை. ஒருவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு இருப்பது எப்படி என்று நீ யாரிடம் கற்றிருப்பாய்? என்னிடம்தான் வளர்ந்தாய்.

இதுவரை எழுதி மடித்து வைத்திருந்தேன். நேற்றுச் சாயங்காலம் நீ போன் செய்தாய். முதல் மூன்று வகுப்பும் நன்றாகப் போனதாகச் சொன்னாய். வகுப்புக்குள் போகுமுன் போனை அணைத்துவிடுவேன், பிள்ளைகளுக்கு நானே முன்மாதிரியாக இருக்க வேண்டுமில்லையா என்றாய். பிறகு, "ஒரே ஒருத்தன் மட்டும் கண்ண மூட மாட்டேங்கிறாம்மா. கதவையே பாத்துக்கிட்டு இருக்கான். பரவால்ல, பழக்கிரலாம்" என்றாய்.

"அவன் பேரு என்னப்பா?"

"பேரா? இன்னும் தெரியலம்மா."

நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சரிப்பா, சாப்பிட்டியா என்று கேட்டு வைத்துவிட்டேன். இன்று காலை எழுந்ததிலிருந்து நெஞ்சு கேட்கவில்லை. கடிதம் போய்ச் சேர இரண்டு நாளாகும், போனிலேயே சொல்லிவிடுவோம் என்று இப்போதுதான் உன்னைக் கூப்பிட்டேன். அணைத்து வைத்திருக்கிறாய். மணி பத்து ஆகிறது. வகுப்புக்குள் போயிருப்பாய்.

அம்மா